காவலர் செய்த குற்றத்துக்கு அரசிடம் இழப்பீடு கேட்பது எப்படி: கன்னியாகுமரி மாவட்டத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காவல் நிலையத்தில் அடிபட்டவர்களும், அங்கே பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் எங்கள் அலுவலகப் படியேறி வந்து முதலில் கேட்பது, "அந்த எஸ்.ஐ.க்குத் தண்டனை கிடைக்குமா?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் கிடைக்கப் பல வருடங்கள் ஆகலாம். அரசிடம் இழப்பீடு கேட்பது வேறு வழி. காவலர் மீதான குற்ற வழக்கு முடியட்டும் என்று அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருந்து இரண்டையும் இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

தக்கலைப் பக்கம் ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். இந்த வகை வழக்குகளுக்குக் காகிதம் சேர்த்துக் கட்டும் வேலை பெரும்பாலும் என் கையில்தான் வரும். எங்கே சறுக்குகிறார்கள் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்ததால், செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில், எந்த அரசு என்று பாருங்கள்

பணியில் இருக்கும் காவலர் தன் அதிகாரத்தைக் கொண்டு ஒருவரின் உயிரையோ உடலையோ சுதந்திரத்தையோ சிதைத்தால், அவரை வேலைக்கு வைத்த அரசு பொறுப்பேற்க வேண்டும். அதனால் அவர் யாருடைய ஊழியர் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் இது தோன்றுகிற அளவுக்கு எளிதல்ல. களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்தில் கேரளப் போலீஸ் வந்து ஆளைத் தூக்கிப்போவது உண்டு. அப்போது பதில் சொல்ல வேண்டியது கேரள அரசு. ஆனாலும் ஆளைப் பிடித்த இடம் இங்கே என்றால், சம்பவத்தின் ஒரு பகுதி இங்கே நடந்திருக்கிறது என்று காட்டி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலேயே மனு போடலாம். அரசியல் சட்டம் 226(2) அதற்கு இடம் தருகிறது. நாகர்கோவில் ஜங்ஷனில் பிடித்தது இருப்புப்பாதைக் காவல் நிலையத்தார் என்றால் தமிழக அரசு. ரயில்வே பாதுகாப்புப் படை என்றால் மத்திய அரசு. கடலில் பிடித்தது கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்றால் தமிழக அரசு, கோஸ்ட் கார்டு என்றால் மத்திய அரசு. உடுப்பையும் வண்டி எண்ணையும் பார்த்தவர்கள் யாரென்று அன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.

காவலர் லீவில் இருந்தபோது நடந்த வரப்புத் தகராறு போன்றவற்றில் அரசை இழுப்பது கஷ்டம். அதே தகராறுக்காக எதிராளியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அடித்திருந்தால் கதையே வேறு. அங்கே அவர் கையில் இருந்தது அரசு கொடுத்த அதிகாரம்.

இன்னொன்று. "என் மகன் திருடினது உண்மைதான், அப்படியிருக்க எப்படிக் கேட்பது?" என்று தயங்குபவர்கள் இருக்கிறார்கள். அவன் குற்றம் செய்தானா என்பது தனி வழக்கு. குற்றவாளி என்றாலும் அவனை அடிக்க யாருக்கும் உரிமை இல்லை. அந்தத் தயக்கத்தில் நாட்களை விட்டுவிடாதீர்கள்.

2. ஆள் இன்னும் உள்ளே இருந்தால்

இழப்பீட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஆளை வெளியே கொண்டுவர வேண்டும்.

கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தில் ஒருவரோ அந்த ஊரில் மதிப்புள்ள ஒருவரோ அதில் கையெழுத்திட வேண்டும். "விசாரணைக்குத்தான் கூப்பிட்டோம், கைது இல்லை" என்று ஸ்டேஷனில் சொன்னால், உடனே வெளியே வந்து 112-ஐ அழைத்து, இன்ன பெயருடையவர் இன்ன ஸ்டேஷனில் இத்தனை மணி முதல் இருக்கிறார் என்று சொல்லுங்கள். அதையே மாவட்ட எஸ்.பி.க்கும் ஆட்சியருக்கும் ஈமெயிலில் அனுப்புங்கள். நேரம் பதிவாவதுதான் இதன் பயன். பிற்பாடு ஆவணத்தில் கைது நேரத்தை மாற்றி எழுதினால், உங்கள் ஈமெயில் அதைப் பொய் என்று காட்டும்.

நாள் கடந்தும் ஆளைக் காட்டவில்லை என்றால் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு. ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்பது அது.

ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போது, அடித்தார்கள் என்பதை மாஜிஸ்திரேட்டிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். கூட நிற்கும் காவலருக்குப் பயந்து பெரும்பாலோர் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தை ரிமாண்ட் உத்தரவில் ஏறிவிட்டால், மூன்று வருடம் கழித்து அரசு வக்கீல் அதைத்தான் முதலில் வாசிப்பார். வக்கீலோ உறவினரோ முன்னாடியே போய், "சட்டையைக் கழற்றிக் காட்டு" என்று சொல்லிக்கொடுங்கள். அப்படியும் சொல்லாமல் விட்டுவிட்டால் சிறையில் அடைக்கும்போது செய்யும் மருத்துவச் சோதனையில் சொல்லலாம். அந்தப் பதிவேட்டை நீதிமன்றம் வரவழைக்க முடியும்.

3. முதல் 48 மணி நேரம்: உடம்பும் துணியும்

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடற்கரைக் கிராமத்து அம்மா ஒருவர் வந்திருந்தார். மகனுக்கு முதுகிலும் தொடையிலும் அடி. "அன்றைக்குப் போட்டிருந்த சட்டை எங்கேம்மா?" என்று கேட்டேன். "மக்களே, ரத்தத்தோட கிடந்தா மனசு தாங்குமா? அதான் அலசிப் போட்டேன்" என்றார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, வெளுத்த நீலச் சட்டை. முதுகுப் பக்கத்தில் மட்டும் நூல் பிரிந்து ஒரு கோடு. கறை சுத்தமாகப் போயிருந்தது. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்தத் தாய்தான் அப்படியே வைத்திருப்பாள்?

ஆகவே இது அக்கம்பக்கத்தில் யாருக்காவது நடந்தால், முதலில் போகிறவர் சொல்ல வேண்டியது: துணியைத் துவைக்காதீர்கள். நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போட்டு, தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் கட்டிப் பூஞ்சை பிடிக்கும்.

அடுத்து ஆஸ்பத்திரி. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய் ரகசியமாகக் கட்டுப் போட்டுக்கொள்வது இரண்டாவது தவறு. அரசு மருத்துவமனைக்கே போங்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி, தக்கலை, குழித்துறை, குளச்சல் என்று எது பக்கமோ அங்கே. அங்கேதான் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்று நாம் சொல்வது அதன் நகல்.

அந்தப் பதிவேட்டில் "எப்படிக் காயம் ஏற்பட்டது" என்று ஒரு வரி வரும். டாக்டரிடம் நீங்கள் சொல்வதைத்தான் அங்கே எழுதுவார்கள். "இன்ன ஸ்டேஷனில், இன்ன தேதி, இன்ன நேரம், இத்தனை காவலர்கள் லத்தியால் அடித்தார்கள்" என்று சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் பெயரோடு. காவலர் கூடவே வந்திருந்தால் "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்று அவரே முந்திக்கொண்டு சொல்லுவார். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தவறாக எழுதியிருந்தால் அங்கேயே மறுப்புச் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால், அன்றைக்கே மருத்துவமனை டீனுக்கோ கண்காணிப்பாளருக்கோ எழுதிக்கொடுத்து, இன்னொரு பிரதியில் சீலும் கையெழுத்தும் வாங்குங்கள்.

காயங்களைப் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு காயத்துக்கும் இரண்டு படம்: பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துக் கிட்டத்தில் ஒன்று, முகமும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒன்று. முகம் இல்லாத படத்தை "யாருடைய முதுகோ" என்று தள்ளிவிடுவார்கள். லத்தி அடி விழுந்த இடத்தில் இரண்டு இணைகோடுகளாகக் கன்றும், நடுவில் வெளுப்பாக இருக்கும். அது மங்குவதற்குள் எடுக்க வேண்டும். உள்ளங்கால்களையும் மறக்காதீர்கள். அங்கே அடிப்பதே, வெளியே தெரியாது என்பதற்காகத்தான். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அதே இடங்களை மறுபடி எடுங்கள். நிறம் மாறுவதை வைத்துக் காயம் எப்போது பட்டது என்று டாக்டர் சொல்ல முடியும்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அடிபட்டவருக்குச் சிறுநீர் கறுத்தோ, கட்டன்சாயா நிறத்திலோ போனால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். சதை நைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று அர்த்தம். ஆளே போய்விடலாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் சி.பி.கே. ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அந்த எண் எகிறியிருந்தால், சதை நைந்திருப்பதற்கு ஆதாரமும் அதுவே.

4. மரணம் என்றால்

துக்கத்தில் இருப்பவர்களிடம் இதைச் சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கும். ஆனாலும் அந்த ஓரிரு நாளில் செய்ய வேண்டியது நிறைய.

காவல் மரணம் என்றால் விசாரிக்க வேண்டியவர் நீதித்துறை மாஜிஸ்திரேட். பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 196(2) பிரிவு. தாசில்தார் வந்து கையெழுத்து வாங்கினால் அது போதாது என்று எழுதிக்கொடுங்கள். 2020 டிசம்பரில் மதுரைக் கிளை இது பற்றித் தெளிவான வழிமுறை தந்திருக்கிறது: உறவினர் உடலைப் பார்க்கலாம், பிரேதப் பரிசோதனையைத் தடயவியல் மருத்துவம் படித்த இரண்டு டாக்டர்கள் செய்ய வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். உயர் நீதிமன்றம் போகப்போவதாக வாரிசுகள் எழுதிக்கொடுத்தால் 48 மணி நேரம் உடலைப் பாதுகாக்க வேண்டும். எல்லாவற்றையும் வாயால் கேட்காமல், மனுவாக எழுதிக் கேளுங்கள்.

உடலை எரிக்க வேண்டாம், அடக்கம் செய்யுங்கள். குடும்ப வழக்கம் எரிப்பதுதான் என்றால் பெரியவர்களிடம் காரணத்தைச் சொல்லிப் புரியவையுங்கள். மறு பரிசோதனைக்கு உத்தரவு வந்தால் உடல் வேண்டும்.

கையெழுத்து கேட்டு யார் என்ன காகிதம் நீட்டினாலும், வாசித்துச் சொல்ல ஒருவர் இல்லாமல் போடாதீர்கள்.

5. புகாரை எந்த வரிசையில் கொடுப்பது

அதே ஸ்டேஷனில் புகார் கொடுக்க யாருக்கும் மனம் வராது. அந்த ஸ்டேஷன் படியேற வேண்டாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. எனவே அனுப்பும்போதே ஒப்படைப்புச் சான்றும் கேட்டு வாங்குங்கள்.

முதலில் ஸ்டேஷன், பிறகு எஸ்.பி., அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட். பி.என்.எஸ்.எஸ். 173(4), 175(3) பிரிவுகள் இந்த வரிசையைக் கேட்கின்றன. எஸ்.பி.யை விட்டுவிட்டு நேரே கோர்ட்டுக்குப் போனால் மனு திரும்பும். எதிரில் இருப்பவர் அரசு ஊழியர் என்பதால் 175(4)-இன்படி மாஜிஸ்திரேட் அவருடைய மேலதிகாரியிடம் அறிக்கை கேட்பார். கொஞ்சம் இழுக்கும், மனம் தளராதீர்கள். புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். அது எஃப்.ஐ.ஆர். ஆகாது.

கூடவே கோட்டாட்சியருக்கும் ஒரு மனு. அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கம் என்றால் நாகர்கோவில், கல்குளம், விளவங்கோடு பக்கம் என்றால் பத்மநாபபுரம் சார் ஆட்சியர். காவலர் மீதான சித்திரவதைப் புகாரை விசாரிக்க வருவாய்த்துறைக்கு அதிகாரம் உண்டு. 2023-இல் அம்பாசமுத்திரத்தில் பற்களைப் பிடுங்கியதாகப் புகார் எழுந்தபோது, முதலில் விசாரணைக்கு வந்தவர் சேரன்மகாதேவி சார் ஆட்சியர்தான்.

புகாரில் கோபத்தைக் கொட்டாதீர்கள். நேரம், இடம், யார், எதனால், எத்தனை அடி, யார் பார்த்தது, அவ்வளவுதான். நினைவில்லாததை ஊகித்து எழுத வேண்டாம். நான்கு பேர் அடித்ததாகப் புகாரிலும், ஆறு பேர் என்று மனித உரிமை ஆணையத்திலும் சொல்லித் தோற்ற வழக்கு ஒன்று இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

6. சி.சி.டி.வி.யை உடனே கேளுங்கள்

2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு கூடிய கேமரா வைக்கச் சொன்னது. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், கருவி இடம் கொடுக்காவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்பது உத்தரவு. ஆனால் "அன்றைக்குக் கேமரா ரிப்பேர்", "பழையதின் மேலேயே புதியது பதிவாகிவிட்டது" என்ற பதில்தான் வரும். சாத்தான்குளத்திலும், 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்சும் இறந்த பிறகு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டுக்கு அந்த நாட்களின் பதிவு கிடைக்கவில்லை.

அதனால் சம்பவம் நடந்த அந்த வாரத்திலேயே, "இன்ன தேதி இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை உள்ள பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும்" என்று எஸ்.பி.க்கு எழுதுங்கள். பிரதி மனித உரிமை ஆணையத்துக்கு. "அனுப்புங்கள்" என்பதைவிட "அழிக்காதீர்கள்" என்பதுதான் முக்கியம். அந்தக் கடிதத்துக்குப் பிறகு பதிவு காணாமல் போனால், அதுவே அரசுக்கு எதிரான ஒரு புள்ளியாக நிற்கும். எதிரில் உள்ள டீக்கடை, நகைக்கடைக் கேமராக்களையும் பாருங்கள். அவற்றில் பதிவு வெகு சீக்கிரம் அழிந்துவிடும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஜெனரல் டைரி (ஸ்டேஷனின் அன்றாட நடப்புப் பதிவேடு), பணிப் பட்டியல், வாகன லாக் புத்தகம் ஆகியவற்றைக் கேட்கலாம். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும் என்பதைக் குறிப்பிட்டே எழுதுங்கள். "விசாரணையில் உள்ளது" என்று மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். மறுப்புக் கடிதத்தைத் தூக்கிப் போடாமல் கோப்பில் சேருங்கள்.

7. வக்கீலும் செலவும்

பணம் இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தில் உடனடி மருத்துவச் செலவுக்கு மனு போடுவதும் அங்கேதான். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் தனியாக நிவாரணம் உண்டு. சாதிச் சான்றிதழை முதல் நாளே எடுத்து வையுங்கள்.

8. மூன்று கதவுகள்: எதைத் தட்டுவது

மாநில மனித உரிமை ஆணையம், மதுரைக் கிளையில் ரிட் மனு (அரசுக்கு நேரே உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தைக் கேட்பது), நாகர்கோவிலோ உங்கள் பகுதி நீதிமன்றமோ அங்கே சிவில் வழக்கு. இந்த மூன்றில் எது என்பது, கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அடி, சட்டவிரோதக் காவல், மிரட்டல் போன்றவற்றில் உயிர் போகவில்லை, மறுக்க முடியாத ஆவணமும் அதிகம் இல்லை என்றால் ஆணையம் நல்லது. கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, ஆணையமே விசாரித்துச் சாட்சி எடுக்கும். ஒரு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்தது. அரசு பணம் கொடுத்துவிட்டு, காவலர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லும் உத்தரவுகளைத்தான் அங்கே அதிகம் பார்க்கிறோம்.

மரணம், நிரந்தர ஊனம், பாலியல் வன்முறை என்றால், அதுவும் மாஜிஸ்திரேட் அறிக்கையோ பிரேதப் பரிசோதனை அறிக்கையோ கையில் இருந்தால், ரிட் மனு. உண்மைகள் மறுக்க முடியாதவையாக இருந்தால்தான் ரிட்டில் இழப்பீடு தருவோம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சுபே சிங் வழக்கில் சொன்னது. காகிதம் இல்லாமல் போனால் "சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்" என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள்.

சிவில் வழக்கில் முழுச் சேதத்தையும் கணக்குப் போட்டுக் கேட்கலாம். ஆனால் கோர்ட் கட்டணம் உண்டு, காலம் பிடிக்கும். முதலில் சி.பி.சி. எனும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவின்படி அரசுச் செயலருக்கோ ஆட்சியருக்கோ நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். சட்டவிரோதக் காவலுக்கு இழப்பீடு கேட்கக் காலவரம்பு ஒரே ஒரு வருடம். இதைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம். "கேஸ் நடக்குதே" என்று குற்ற வழக்கைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த வருடம் போய்விடும்.

ஆணையத்திலும் கோர்ட்டிலும் ஒரே நேரத்தில் ஒரே கோரிக்கையை வைக்காதீர்கள். ஒன்றில் போட்டதை இன்னொன்றில் மறைக்கவும் கூடாது. ரிட் மனுவில் மறைத்தது தெரிந்தால் அதற்காகவே தள்ளுபடி செய்வார்கள்.

9. தொகையைக் கணக்குப் போட்டே கேளுங்கள்

"ஒரு கோடி" என்று எழுதிவிட்டுக் காரணம் சொல்லாமல் விடுவது வீண். மரண வழக்கு என்றால் மோட்டார் விபத்து வழக்கில் போடும் கணக்கை அடிப்படையாக வைக்கலாம். ரிட் நீதிமன்றம் அதன்படியே கொடுக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் நீதிபதிக்கு முன்னால் ஒரு கணக்கு இருப்பது, இல்லாததைவிட எவ்வளவோ மேல்.

ரப்பர் பால் வெட்டுகிற 35 வயதுக்காரர், சராசரியாக மாதம் 18,000 ரூபாய், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,16,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 1,62,000. அந்த வயதுக்குப் பெருக்கல் எண் (எத்தனை வருட வருமானம் என்று எடுப்பது) 16. ஆக 25,92,000 ரூபாய். 40 வயதுக்குக் கீழே சொந்தத் தொழிலோ கூலியோ செய்பவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்கலாம் என்ற 2017-ஆம் ஆண்டு அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பையும் எடுத்தால் 36,28,800 வரும். இதற்கு மேல் வேதனைக்கும் அவமானத்துக்கும் தனியாகக் கேளுங்கள்.

வருமானத்துக்குச் சான்று? மழை நாளில் பால் வெட்டு நடக்காது என்பது நீதிமன்றத்துக்கும் தெரியும். வருட வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்த சராசரியைச் சொல்லுங்கள். தோட்டக்காரரின் கூலிப் புத்தகம், பால் விற்ற ரசீது போதும். கடல் தொழில் என்றால் மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, தடைக்கால நிவாரணம் ஏறின பாஸ்புக். சும்மா வாயால் சொன்ன வருமானத்தைப் பாதியாகக் குறைத்துத்தான் எடுப்பார்கள்.

10. ரிட் மனு: போடும் முன்னும் போட்ட பின்னும்

முதலில் உள்துறைச் செயலருக்கும் ஆட்சியருக்கும் இழப்பீடு கேட்டு ஒரு கோரிக்கை மனு அனுப்புங்கள். "செய்யுங்கள் என்று உத்தரவிடுங்கள்" என்று கோர்ட்டைக் கேட்கும் முன், நீங்கள் கேட்டு அரசு செய்யவில்லை என்று காட்ட வேண்டும். இது இல்லாமல் போட்டால், "மனுவைப் பரிசீலியுங்கள்" என்ற உத்தரவோடு மதுரையிலிருந்து திரும்ப வேண்டிவரும். போக 240 கிலோமீட்டருக்கு மேல், வர அதே தூரம், ஒரு நாள் கூலி போச்சு.

எதிர்மனுதாரர்களாக உள்துறைச் செயலர், டி.ஜி.பி., ஆட்சியர், எஸ்.பி., ஆய்வாளர். குற்றம் செய்த காவலரைப் பதவியால் மட்டுமல்ல, பெயராலும் சேருங்கள். பணத்தை அவரிடம் வசூலிக்க உத்தரவு வேண்டுமென்றால் அவருக்கும் பதில் சொல்ல வாய்ப்பு கொடுத்திருக்க வேண்டும்.

ஆவணங்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். ஏ.ஆர். காப்பி, போட்டோ, 112-ஐ அழைத்த விவரம், எஸ்.பி.க்கு அனுப்பிய ஈமெயில், புகார், தபால் ரசீது, தகவல் உரிமை பதில், மாஜிஸ்திரேட் அறிக்கை, வாரிசுச் சான்றிதழ். வாரிசுச் சான்றுக்கு இ-சேவையில் முன்னாலேயே மனு போடுங்கள். அது தாமதமானதால் மட்டுமே மாதக்கணக்கில் நின்ற மனுக்கள் உண்டு.

அரசுத் தரப்பு இரண்டு வாதம் வைக்கும். ஒன்று, இறையாண்மைப் பணியில் (அரசு மட்டுமே செய்யக்கூடிய வேலையில்) நடந்த தவறுக்கு அரசு பொறுப்பில்லை என்ற பழைய 1965-ஆம் ஆண்டு கஸ்தூரிலால் வழக்கு. அடிப்படை உரிமை மீறலில் அந்த வாதம் எடுபடாது என்று 1993-இல் நீலாபதி பெஹரா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒடிசாவில் காவலில் இருந்த மகனை ரயில் தண்டவாளத்தில் பிணமாகப் பார்த்த ஒரு தாய் எழுதிய கடிதம்தான் அங்கே மனு. அவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவாயிற்று. நல்ல நிலையில் உள்ளே போனவர் எப்படி இறந்தார் என்று விளக்க வேண்டியது காவல்துறையே என்பதற்கும் அந்தத் தீர்ப்பு உதவும்.

இரண்டாவது வாதம், "குற்ற வழக்கு நிலுவையில் இருக்கிறது, முடியட்டும்." 1996-இல் தீர்ப்பான டி.கே. பாசு வழக்கைக் காட்டுங்கள். காவலரைத் தண்டிப்பது வேறு, அரசு இழப்பீடு தருவது வேறு. திருப்புவனத்தில் 2025 ஜூனில் போலீஸ் காவலில் இறந்த அஜித்குமார் வழக்கில், காவலர்கள் மீதான வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, அரசு ஏற்கெனவே கொடுத்தது போக 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடாக வழங்க மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆகவே மனுவில் இடைக்கால இழப்பீட்டையும் மறக்காமல் கேளுங்கள்.

11. வீட்டுக்கு வரும் சமரசம்

ஒரு சாயங்காலம் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு யாராவது வருவார்கள். "கேஸை வாபஸ் வாங்கினா இவ்வளவு." நான் யாருக்கும் வாங்கு, வாங்காதே என்று சொல்லமாட்டேன். அந்த வீட்டின் கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் காவல் சித்திரவதையும் மரணமும் தனியார் தகராறு இல்லை. கையெழுத்துப் போட்டாலும் கொலை வழக்கு அதனால் மூடாது. சாட்சி மாறிச் சொன்னதாக உங்கள் மேல்தான் கறை விழும்.

அரசு அறிவிக்கும் நிவாரணத்தையோ வேலையையோ தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். அது உரிமையை விட்டுக்கொடுப்பது ஆகாது. பிற்பாடு கிடைக்கும் தொகையில் கழிப்பார்கள், அவ்வளவுதான். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அந்தக் காகிதத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், "என் சட்ட உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொள்கிறேன்" என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

12. உத்தரவு வந்த பிறகு

உத்தரவு நகலை வாங்கியதும் வங்கிக் கணக்கு விவரம், ஆதார், வாரிசுச் சான்று எல்லாவற்றையும் சேர்த்து உள்துறைக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். "கணக்கு விவரம் வரவில்லை" என்று நாளைக் கடத்தவே முடியாதபடி செய்யுங்கள். மைனர் பிள்ளைகளின் பங்கு வங்கியில் வைப்பாக இருக்கும். வட்டியை எடுத்துப் படிப்புக்குச் செலவிடத் தாய்க்கு அனுமதி வேண்டுமென்றால், அதை மனுவிலேயே கேட்டிருக்க வேண்டும்.

காவலரிடம் வசூலிக்கும் உத்தரவு இருந்தாலும், அவரிடம் வாங்கிய பிறகு தருகிறோம் என்று அரசு சொல்ல முடியாது. முதலில் அரசு கொடுக்கும், பிறகு அவரிடம் பிடிக்கும். வனத்துறையினரும் காவலரும் மலைக்கிராமப் பெண்களை வன்கொடுமை செய்த வாச்சாத்தி வழக்கில் 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் அரசு 10 லட்சம் ரூபாய் வழங்கி, அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலித்துக்கொள்ளச் சொன்னது. 1992-இல் நடந்த கொடுமைக்கு அந்தப் பெண்கள் 31 வருடம் காத்திருந்தார்கள்.

கெடு முடிந்தும் பணம் ஏறவில்லை என்றால் நீதிமன்ற அவமதிப்பு மனு. அதற்கும் ஒரு வருடக் காலவரம்பு உண்டு. "ஃபைல் மேலே போயிருக்கு" என்று கலெக்டர் ஆபீஸில் சொல்லும் ஒவ்வொரு தடவையும் யார் சொன்னார்கள், எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அந்த மனுவில் அதுவும் வேண்டும்.